நிறுக்க வேண்டியது சொல்லை!



பட்டிமன்றம்னா வழக்கமா மாமியாரா மருமகளான்னு பேசுவோம். மாமியார் ஜெயிச்சாலும் சரி, மருமக ஜெயிச்சாலும் சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிடலாம். (சிரிப்பு) இன்றைய தலைப்பு அப்படிப்பட்டது இல்லை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரிதும் நம்ப வேண்டியது பாதிக்கப்பட்டவளின் சொல்லையா, சான்றுப் பொருள்களையா? ஒரு தட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது. இன்னொரு தட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுடைய பத்து வருஷமோ, ஆயுளோ இருக்கிறது. ரெண்டுமே உயிர் சம்பந்தப்பட்டது. அதனால சிரிப்பை இதோட நிறுத்திக்கிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணித் தலைவர் எழுந்த உடனேயே பழையனூர் நீலியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். "ஒரு பெண் அழுததை நம்பி எழுபது வேளாளர் தீயில இறங்கினாங்க, நீலிக் கண்ணீர்னு பழமொழியே இருக்கு, சொல்லை நம்பினா இதுதான் கதி" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நான் கேட்கிறேன், அந்த எழுபது பேரும் எதை வச்சு முடிவு செஞ்சாங்க? கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வச்சிருந்தாள் நீலி. அந்தக் குழந்தை வணிகன்கிட்டே போய் 'அப்பா' என்றது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தாங்க. இன்றைய கோர்ட் பாஷையில சொன்னா அந்தக் குழந்தை ஒரு சான்றுப் பொருள்! (கைதட்டல்) "நான் இவளுக்குப் புருஷன் இல்லை, இவள் பேய்" என்று வணிகன் கதறினான். அவன் சொல்லை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. நீலியிடம் நாலு குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. கண்ணீரையும் குழந்தையையும் பார்த்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள்.

அடுத்து வந்த அம்மையார் கண்ணகியைக் கூப்பிட்டாங்க. "சிலம்பு உடைஞ்சது, மாணிக்கம் தெறிச்சது, வழக்கு முடிஞ்சது, பொருள்தானே பேசியது" என்றாங்க. அம்மா, முப்பது வருஷமா வகுப்பில சிலப்பதிகாரம் நடத்துற வாத்தியார் நான். அந்த வழக்கை ரெண்டு கட்டமாப் பாருங்க. முதல் கட்டத்தில் ஒரு சிலம்பு, அரசியின் சிலம்பைப் போலவே இருக்கிற சிலம்பு. அந்தப் பொருளையும் பொற்கொல்லன் பேச்சையும் வச்சு முடிச்சுட்டாங்க. கோவலனை மன்னன் கூப்பிட்டுக் கேட்டானா? அவனுடைய வாக்குமூலம் எங்கே? ஒருத்தன் சொல்லைக் கேட்காமலே தலை போச்சு. ரெண்டாவது கட்டம்தான் மேல்முறையீடு. கண்ணகி வந்தாள். உள்ளே இருப்பது மாணிக்கம் என்று முதலில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சிலம்பு உடைந்தது. சொல் முன்னால் போனது. பொருள் பின்னால் வந்து 'ஆமாம்' என்றது. அவள் சொல்லாமல் இருந்தால் அந்தச் சிலம்பு அரண்மனைப் பெட்டிக்குள்ளே அரசியின் சிலம்பாகவே கிடந்திருக்கும்! (பலத்த கைதட்டல்)

கதை போதும், கோர்ட்டுக்குள்ளே போவோம்.

மேல்முறையீடு என்றால் என்ன? கீழ்க்கோர்ட்டில் நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்க்கிறார். எங்கே தயங்கினாள், எந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்தாள், எந்த இடத்தில் குரல் உடைந்தது என்று நேரில் பார்க்கிறார். மேல்கோர்ட்டுக்கு வருவது தட்டச்சு செய்த காகிதக் கட்டு. அதில் அழுகை இருக்காது, மௌனம் இருக்காது. கேள்வி, பதில், கேள்வி, பதில். அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு ஒரு வாழ்க்கையை நிறுக்கணும். எப்படி நிறுக்கிறதுங்கிறதுதான் பிரச்சினை.

"ஒத்தைச் சாட்சியை வச்சு எப்படித் தண்டிக்கிறது?" என்று எதிரணியில் கேட்டாங்க. நம் சாட்சியச் சட்டத்தில் இத்தனை சாட்சி வேணும்னு கணக்கே கிடையாது. 2024 ஜூலை முதல் தேதி புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அந்த விதி அப்படியே தொடர்கிறது. 1957-ல் நம்ம சென்னை மாநிலத்து வழக்கு ஒன்று, வடிவேலுத் தேவர் வழக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கொலை வழக்கு. செத்தவரின் மனைவியுடைய சாட்சியைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. அப்போது கோர்ட் சாட்சிகளை மூணு வகையாப் பிரிச்சது. முழுசா நம்பக்கூடிய சாட்சி, முழுசா நம்ப முடியாத சாட்சி, ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற சாட்சி. முதல் வகைக்குத் துணை தேவையில்லை. ரெண்டாவது வகைக்குத் துணை இருந்தும் பயனில்லை. மூணாவது வகைக்குத்தான் துணைச் சான்று தேடணும். சாட்சிகளை எண்ணக் கூடாது, எடை போடணும் என்பது அன்றைக்கே முடிவான சங்கதி.

எடை போடுவது எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? பக்கத்திலேயே விருத்தாசலம், பீங்கான் ஊர். கடையில ஒரு ஜாடி வாங்குறீங்க. என்ன பண்ணுவீங்க? விரலால் ஒரு சுண்டு சுண்டுவீங்க. 'ணங்'குனு கேட்டா எடுத்துப் பையில வைப்பீங்க. 'டொக்'குனு கேட்டா உள்ளே விரிசல்னு திருப்பிக் கொடுத்துடுவீங்க. மெருகில ஒரு சின்னப் புள்ளி இருக்குன்னு நல்ல ஜாடியை யாராவது உடைச்சுப் போடுவாங்களா? (கைதட்டல்) சாட்சியமும் அப்படித்தான். புள்ளி வேறே, விரிசல் வேறே. நடந்தது ஏழு மணியா ஏழரை மணியா என்று மாற்றிச் சொன்னால் அது புள்ளி. நடந்ததே மாறினால் அது விரிசல்.

புள்ளியை விரிசல் என்று நினைத்த ஒரு வழக்கைச் சொல்றேன். பஞ்சாப், 1984. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிட்டு வந்த ஒரு மாணவியைக் காரில் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில பள்ளிக்கூடம் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். அந்தப் பொண்ணு அன்றைய தேர்வையும் எழுதிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாகிட்டே சொன்னாள். விசாரணைக் கோர்ட் நம்பலை. ஏன் தெரியுமா? அந்தக் கார் பியட்டா அம்பாசிடரான்னு அவளுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலையாம்! பள்ளிக்கூடத்தில் டீச்சர்கிட்டே உடனே ஏன் சொல்லலையாம்! 1985-ல் அத்தனை பேரும் விடுதலை. போதாததற்கு அவள் நடத்தையைப் பற்றியும் தீர்ப்பில் எழுதிட்டாங்க.

மேல்முறையீட்டில் 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைத் திருப்பியது. குர்மீத் சிங் வழக்கு என்று பெயர். கார் பெயர் தெரியாதது அவள் குற்றமில்லை, டீச்சர்கிட்டே சொல்லாமல் அம்மாவிடம் சொன்னது இயற்கை என்றது. பாதிக்கப்பட்டவள் காயம்பட்ட சாட்சியைப் போன்றவள். அவள் சொல் நம்பிக்கை தந்தால் துணைச் சான்று இல்லாமலே தண்டிக்கலாம் என்றது. 1951-லேயே ராமேஸ்வர் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் போட்ட பாதை அது. துணைச் சான்று தேடுவது முன்னெச்சரிக்கைதானே தவிர, அது இல்லாவிட்டால் தண்டிக்கவே முடியாது என்ற சட்டம் இல்லை என்றார் அவர். 1983-ல் குஜராத் வழக்கில் நீதிபதி தக்கர் இன்னும் கடுமையாச் சொன்னார். துணைச் சான்று இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக அவளை நம்ப மறுப்பது, காயத்தின் மேலே அவமானத்தையும் சேர்ப்பது என்ற கருத்தில் எழுதினார்.

நடுவர் அவர்களே, சான்றுப் பொருளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. மதுரா வழக்கு. 1972, மகாராஷ்டிரம், தேசாய்கஞ்ச் காவல் நிலையம். கூலி வேலை செய்த பழங்குடிச் சிறுமி. அண்ணன் கொடுத்த புகாருக்காக ஸ்டேஷனுக்கு வந்தவள். ரெண்டு போலீஸ்காரர் மேலே குற்றச்சாட்டு. செசன்ஸ் கோர்ட் விடுதலை செய்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டித்தது. பயத்தில் அடங்கிப்போவது வேறே, சம்மதிப்பது வேறே என்று தெளிவாகச் சொன்னது. 1978-ல் சுப்ரீம் கோர்ட் அதையும் ரத்து செய்தது. முக்கியமான காரணம் என்ன? உடம்பில் காயம் இல்லை! காயம் இல்லையென்றால் எதிர்க்கவில்லை, எதிர்க்கவில்லையென்றால் சம்மதம்! ராத்திரியில், காவல் நிலையத்துக்குள்ளே, ஒரு சின்னப் பொண்ணு, ரெண்டு போலீஸ்காரர். அங்கே காயத்தைத் தேடினார்கள், பயத்தைத் தேடவில்லை. (கைதட்டல்) 1979-ல் நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் பலன்தான் 1983 சட்டத் திருத்தம். காவலில் நடந்த கொடுமையில், உறவு நடந்தது உறுதியாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று அவள் கோர்ட்டில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே கோர்ட் கொள்ள வேண்டும். அவள் பெயரை வெளியிடக் கூடாது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். ஒரு சொல்லை நம்பாமல் போனதற்கு நாடு கொடுத்த விலையில் வாங்கிய சட்டம் அது.

இப்போ நம்ம தமிழ்நாட்டுக்கு வாங்க. தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள்ளே இறங்கினாங்க. வீடுகளைச் சூறையாடினாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. பிறகு அந்தப் பெண்களையே பிடிச்சு ஜெயிலில் போட்டாங்க. எதிரணி கேட்கிற தடயம் எங்கே இருக்கும்? மகஜர் எழுத வேண்டியது யார்? புகாரை வாங்க வேண்டியது யார்? சான்றைக் காப்பாற்ற வேண்டிய துறைகளே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறபோது, சான்று எங்கே என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறது எந்த ஊர் நியாயம்? (நீண்ட கைதட்டல்)

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் போராடின. 1995-ல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தாங்க. உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. தண்டனை பெற்றவங்க மேல்முறையீடு போனாங்க. தாமதம், முரண்பாடு என்று எல்லா வாதமும் வச்சாங்க.

அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. காகிதக் கட்டோடு நிற்காமல், நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச் 4-ஆம் தேதி வாச்சாத்திக்கே போனார். ஊரைப் பார்த்தார், மக்களைப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29, கீழ்க்கோர்ட் தீர்ப்பு வந்த அதே தேதியில், சரியாப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு, மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். சாட்சிகளின் சொல் ஒன்றோடொன்று பொருந்துகிறது, நம்பத் தகுந்தது என்று தீர்மானித்தார். அந்த 18 பேருக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார்; அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னார். முப்பத்தோரு வருஷம்! எதிரே நின்றது அரசாங்கத்தின் மூணு துறை. அந்தப் பெண்கள் கையில் இருந்தது சொல் ஒன்றுதான். அது கடைசி வரைக்கும் விரிசல் விடலை. (பலத்த கைதட்டல்)

"காகிதம் பொய் சொல்லாது" என்று எதிரணி நண்பர் ஒருத்தர் சொன்னார். ஐயா, எந்த ஊரில் நின்னுக்கிட்டு இதைச் சொல்றீங்க? இது கம்மாபுரம். 1993 மார்ச். முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவை இந்தக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனாங்க. அவர் தப்பி ஓடிட்டார்னு போலீஸ் தரப்பு சொன்னது. அவர் மனைவி எழுத்து நடையா நடந்து சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனாங்க. வழக்கறிஞர் சந்துரு வாதாடினார். காவலில் அடிபட்டே ராஜாக்கண்ணு செத்தார் என்பது வெளியே வந்தது. 2006-ல் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் போலீஸ்காரர்கள் தண்டனை பெற்றாங்க. அது பாலியல் வழக்கு இல்லை, காவல் மரணம். ஆனால் பாடம் ஒன்றுதான். ஸ்டேஷன் சொன்ன கதை பொய்யானது. நேரில் கண்ட ஏழைகள் சொன்ன சொல் நின்றது. 2021-ல் 'ஜெய் பீம்' படம் வந்தப்புறம் உலகத்துக்கே தெரிஞ்ச கதை, உங்களுக்கு முன்னாடியே தெரியும்.

இப்போ எதிரணியின் பலமான வாதத்துக்கு வர்றேன். அதை ஒதுக்கிட்டுப் போனா நான் நேர்மையா வாதாடினதா ஆகாது. அமெரிக்காவில் ரொனால்ட் காட்டன் என்பவர் 1985-ல் தண்டிக்கப்பட்டார். பாதிக்கப்பட்ட பெண் அவரைத்தான் அடையாளம் காட்டினாங்க. 1995-ல் டி.என்.ஏ. சோதனை அவர் இல்லை என்று காட்டியது. பத்து வருஷம் வீணாப் போச்சு. உண்மைதான். மனசு கனக்கிற விஷயம்தான். ஆனால் கூர்ந்து பாருங்க. நடந்த கொடுமையைப் பற்றி அந்தப் பெண் பொய் சொல்லலை. முன்பின் தெரியாத ஆளின் முகத்தை அடையாளம் காட்டினதில் தவறு நேர்ந்தது. அதனால்தான் சொல்லை மொத்தமா விழுங்கக் கூடாது, பகுதி பகுதியா நிறுக்கணும்னு சொல்றோம். என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. யார் செய்தது என்பது இன்னொரு கேள்வி. முன்பின் தெரியாத ஆள் என்றால் டி.என்.ஏ. கட்டாயம் வேணும். நம் நாட்டில் பதிவாகிற வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேலே தெரிஞ்ச ஆள்தான் குற்றவாளி என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் கணக்குக் கொடுக்குது. அங்கே ஆள் யார் என்பதில் சண்டையே இல்லை. சம்மதமா இல்லையா என்பதுதான் சண்டை. டி.என்.ஏ.வுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது! (கைதட்டல்)

சொல்லை நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது இல்லை. 2012-ல் டில்லி வழக்கு ஒன்றில், ராய் சந்தீப் வழக்கு, சுப்ரீம் கோர்ட் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. அப்பழுக்கற்ற சாட்சி என்றால் முதல் புகாரிலிருந்து குறுக்கு விசாரணை வரை சொல் ஒரே நேராக நிற்க வேண்டும், அங்கே அப்படி நிற்கவில்லை என்றது. சுண்டிப் பார்த்தாங்க, 'டொக்'குனு கேட்டது, திருப்பிக் கொடுத்தாங்க. அதுவும் சரிதான். கீழ்க்கோர்ட் விடுதலை செய்தவனை மேல்கோர்ட் தண்டிக்கும்போது இன்னும் நிதானம் வேணும். ரெண்டு முடிவுக்கு இடமிருந்தால் விடுதலையைக் கலைக்கக் கூடாது என்று 2007-ல் சந்திரப்பா வழக்கு சொல்லுது. அதையும் ஏத்துக்கறோம். நாங்க கேட்கிறது ஒன்னே ஒன்னு. நிறுக்கிறது அவள் சொல்லா இருக்கட்டும். அவள் உடுத்தின துணி, அவள் வெளியே போன நேரம், அவளுடைய பழைய வாழ்க்கை, இதெல்லாம் தராசில் ஏறக் கூடாது.

எத்தனை காலம் ஏறியது தெரியுமா? அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுச் சாட்சியத்தைக் கெடுக்கலாம் என்று சாட்சியச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. அதை எடுத்ததே 2002-ல்தான். டாக்டர்கள் செய்துகொண்டிருந்த இரு விரல் சோதனை அவள் மானத்தைக் கெடுப்பது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சொல்லியும் நிற்கலை. 2022 அக்டோபர் 31-ல், இனிமேல் யார் செய்தாலும் அது நடத்தைக் கேடு என்று கண்டித்தது. அது ஜார்க்கண்ட் வழக்கு. தீக்காயத்தோடு கிடந்த பெண் சாகும் முன்னே சொல்லிட்டுப் போன வாக்குமூலம். கீழ்க்கோர்ட் நம்பியது. உயர்நீதிமன்றம் நம்ப மறுத்து விடுதலை செய்தது. சுப்ரீம் கோர்ட் அந்தச் சொல்லை நம்பித் தண்டனையைத் திரும்பக் கொடுத்தது. நடந்தது 2004-ல், முடிந்தது 2022-ல். ஆள் போயும் சொல் பதினெட்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்தது.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சுட்டார். முடிக்கிறேன். கம்மாபுரம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மேல்கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கிற முதல் ஆயுதம் தாமதம். "ஏன் நாலு நாள் கழிச்சுப் புகார் கொடுத்தே?" அந்த நாலு நாள் எங்கே போனது? நம்ம வீட்டுக்குள்ளேதான் போனது. 'வெளியே சொல்லாதே, மானம் போயிடும், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும்'னு நாம வாயைப் பொத்தின நாலு நாள் அது. குடும்ப மானத்துக்குப் பயந்து வருகிற தாமதத்தைக் கோர்ட்டுகள் புரிஞ்சுக்கிறாங்க. நாம புரிஞ்சுக்கணும். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை பிரச்சினை இல்லை. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, காசு வாங்காமல் உடனே சிகிச்சை செய்யணும், இது சட்டம். அன்றைக்கு உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்க. எதிரணி கேட்கிற சான்றுப் பொருளும் அப்போதுதான் கிடைக்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்னாடி, ஒரு பொண்ணு வந்து "அம்மா, இப்படி ஆயிடுச்சு"னு சொல்ற அந்த முதல் சொல்லைக் கேட்க வீட்டில் ஒரு காது இருக்கணும். அவளுக்கு முதல் கோர்ட் அதுதான். அங்கேயே வழக்கு தள்ளுபடி ஆயிட்டா எந்த மேல்முறையீடும் கிடையாது. (பலத்த கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, பொருள் தேவை. அது சொல்லுக்குத் துணையாக வரட்டும். பெரிதும் நம்பி நிறுக்க வேண்டியது பாதிக்கப்பட்டவளின் சொல்லையே என்று தாங்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.